நாளுக்கு ஒரு திரை

காலை எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பிரம்மதேசத்துப் பேருந்து என்னை மரக்காணத்தில் இறக்கிவிடும். பாண்டிச்சேரிப் பேருந்து வர எப்படியும் பத்து நிமிடம் ஆகும். வீட்டுக்கும் பதில் சொல்ல வேண்டாம், ஆபீஸுக்கும் பதில் சொல்ல வேண்டாம் என்று நிற்கக் கிடைத்த அந்தப் பத்து நிமிடத்தையும் ஒருவர் ஒன்றரை வருடம் தினமும் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்.

கூனிமேட்டுக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலி, சட்டைப் பையில் ஒரு சின்ன ஸ்கேல், காதில் பென்சில். எல்லோருக்கும் அவர் பாய், எனக்கும் பாய். என்னைப் பார்த்ததும் நலமா, சாப்பிட்டாயா என்பதெல்லாம் கிடையாது. பிளாஸ்டிக் கவருக்குள்ளிருந்து ஒரு தாளை உருவி என் மூக்குக்கு நேரே நீட்டுவார். ஒருபக்கம் அச்சான தாளின் மறுபக்கத்தில் நீலப் பேனாவால் கட்டங்கள் போட்டிருக்கும்.

"எதத் தொடுவீங்க? யோசிக்காதீங்கம்மா, தொடுங்க."

"இது எதுக்குன்னே எழுதலையே பாய்?"

"எழுதியிருந்தாத்தான் தொடுவீங்களா? படிக்கத் தெரியாதவங்க என்னா பண்ணுவாங்க?"

நான் எரிச்சலோடு எதையாவது தொடுவேன். விரல் பட்ட இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு அடுத்த ஆளைத் தேடிப் போய்விடுவார். பூ விற்கிற அம்மாவோ, பேருந்துக்கு நிற்கிற கொத்தனாரோ, யாராக இருந்தாலும் சரி. ஆள் எதைத் தொட்டாலும் அவர் வாய் திறக்க மாட்டார். அதற்கென்றே ஒரு கைக்குட்டையைச் சுருட்டிப் பல்லில் கவ்விக்கொள்வார். முதல் நாள் அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வாய் சும்மா இருக்காது தங்கச்சி" என்றார் பிறகு, கைக்குட்டையை எடுத்துவிட்டு. "அது இல்ல, இதுன்னு சொல்லிடும். சொல்லிட்டா அன்னிக்குப் பாடம் போச்சு."

அவர் யார், நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சுனாமியில் கடல் உள்ளே வந்துபோன அடுத்த வருடம் அது. உப்பளத்தில் பாதிப் பாத்திகள் சேற்றில் மூடிக் கிடந்தன. வரப்பு கட்டி, சேறு வாரி, மறுபடியும் உப்பு எடுக்க ஒன்றிரண்டு வருடமாவது ஆகும் என்றார்கள். அதுவரை வேலையில்லாத தொழிலாளிகளுக்கு வாராவாரம் அரிசி கொடுக்க ஓர் அறக்கட்டளை முன்வந்தது. அரிசிச் சீட்டைக் கொடுப்பதற்கு ஒரு தொடுதிரை இயந்திரத்தைப் பழைய உப்புக் கிடங்கின் முன்னறையில் வைத்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் ஆள் பாய். அதற்குள் ஓடிய புரோகிராமைச் செய்தது பாண்டிச்சேரியில் நான் வேலை பார்த்த கம்பெனி. திரைகளைச் செய்தது நான்.

இயந்திரத்தைத் துடைத்து, காகித உருளை மாட்டி, மாலையில் பூட்டிவிட்டுப் போனால் போதும், அதுதான் அவர் வேலை. யாரும் அவரைப் படம் வரையச் சொல்லவில்லை. ஆனால் அவருக்கென்று ஒரு கணக்கு இருந்தது. நாளுக்கு ஒரு திரையைத் தாளில் வரைய வேண்டும், அதை மூன்று பேரிடம் காட்ட வேண்டும், மறுநாள் அதே திரையில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்யலாம். இரண்டு மாற்றம் செய்தால் எதனால் சரியாயிற்று என்று தெரியாமல் போய்விடுமாம். மண்ணெண்ணெய் வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு திரை, மாட்டு டாக்டரைக் கூப்பிட ஒரு திரை, படகுக்கு டீசல் கேட்க ஒரு திரை. இதற்கெல்லாம் எந்த ஊரிலும் இயந்திரம் கிடையாது. அது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. சிலர் காலையில் எழுந்து நடைப்பயிற்சி போவதில்லையா, அப்படி இவர் கட்டம் போட்டார்.

ஒருமுறை அவர் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவருடைய மனைவி என்னிடம் முறையிட்டார். "அக்கம் பக்கத்துல இவரப் பார்த்தா ஓடுறாங்கம்மா. காலங்காத்தால தொடு தொடுன்னா யாரு நிப்பாங்க? பெருநா அன்னிக்குக்கூட வந்த விருந்தாளிகிட்ட காயிதத்த நீட்டுனாரு." பாய் காது கேட்காதவர் போல இருந்தார். அவர் கவனமெல்லாம் நான் மின்விசிறிக்கு எந்தச் சுவிட்சைப் போடப் போகிறேன் என்பதில் இருந்தது. நான் தப்பான சுவிட்சைப் போட்டேன். உடனே எழுந்து சுவிட்சுப் பலகையில் ஏதோ குறித்துக்கொண்டார்.

இந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது என்று கேட்டிருக்கிறேன். வளைகுடாவில் ஆறு வருடம் வங்கி இயந்திரங்களுக்குக் காகித உருளை மாட்டும் வேலை பார்த்திருக்கிறார். நம்மூர்த் தொழிலாளிகள் வந்து எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் நிற்பார்களாம். ஒருநாள் ஒருவன் மூன்று தடவை தப்பாக அழுத்தி, அட்டையை இயந்திரம் விழுங்கிவிட்டது. அவன் அந்தப் பெட்டிக்கு முன்னால் கையைக் கூப்பி, "அய்யா குடுத்துடுங்கய்யா" என்று கெஞ்சினானாம்.

"நான் பின்பக்கம் கதவத் தொறந்துக்கிட்டு நிக்கிறேன். ஒண்ணும் பண்ண முடியல. அவன் தப்பு ஒண்ணும் இல்ல தங்கச்சி. தொடுறவங்க மேல எப்பவும் தப்பு கெடையாது. வரஞ்சவன் மேலதான்."

இதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது, இன்டர்ஃபேஸ் டிசைன் என்று பெயர் என்று நான்தான் அவருக்குச் சொன்னேன். சும்மா சொல்லிவிட்டு வந்திருக்கலாம். "எங்க கம்பெனிக்கு வந்துடுங்க பாய்" என்றும் ஒரு வார்த்தை சேர்த்தேன். பேருந்து வருகிற நேரத்தில் சொல்கிற வார்த்தைதான் அது. அவர் அதை அந்தப் பெயரோடு சேர்த்து ஒரு தாளில் எழுதச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து தாளின் மூலையில் நாள் எண் போட ஆரம்பித்தார். நூறு தாள் சேர்ந்ததும் என் கையில் கொடுத்தனுப்பினார். மேனேஜர் நாலைந்தைப் புரட்டிப் பார்த்து, "நல்லா கோடு போடறாரே, என்ன டிகிரி?" என்றார். டிகிரி இல்லை என்று நான் சொன்னதும் கட்டை அப்படியே என்னிடம் நீட்டினார். மறுநாள் பாயிடம் "பார்க்கிறேன்னு சொல்லியிருக்காரு" என்று பொய் சொன்னேன். "இன்ஷா அல்லா" என்று சொல்லிவிட்டு நூற்றியோராவது தாளை நீட்டினார்.

இரண்டாவது வருடம் அறக்கட்டளை ஒரு புதிய கேள்வியைச் சேர்க்கச் சொன்னது. சிலருக்கு வேலை திரும்பக் கிடைத்திருக்கும், அவர்களுக்கு அரிசி போக வேண்டியதில்லை. அதனால் ஒவ்வொரு வாரமும் ஆள் வந்து தனக்குக் கொடுத்த அட்டையை வைத்ததும், 'உங்களுக்கு இன்னும் அரிசி வேண்டுமா?' என்று திரை கேட்க வேண்டும். வேண்டும் என்றால் சீட்டு வரும். வேண்டாம் என்றால், உறுதிதானா என்று ஒரு தடவை கேட்டுவிட்டுப் பெயரை எடுத்துவிடும். எடுத்த பெயரைத் திரும்பச் சேர்க்க வழி கிடையாது. பொய்ப் பெயர்கள் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகப் பட்டியலை மூடிவிட்டார்கள்.

பாய் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு இருபது நாள் வரைந்தார். இருபதாவது தாளில் இரண்டே பெரிய கட்டங்கள். ஒன்றில் அரிசி மூட்டைப் படம், மற்றதில் ஒன்றுமில்லை. உப்பளத்துப் பெண்கள் ஒருவர் விடாமல் மூட்டையைத் தொட்டிருந்தார்கள். புள்ளிகள் அந்தக் கட்டத்துக்குள் கொட்டிக் கிடந்தன. என்னிடம் கொடுத்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நான் பெரிய கட்டங்களை எடுத்துக்கொண்டேன். படத்தை விட்டுவிட்டேன். படம் போட்டால் இயந்திரம் மெதுவாகிறது, வேலையை முடிக்கச் சொல்லி மேனேஜர் நெருக்குகிறார், படத்துக்குப் பதில் நிறம் போதுமே என்று நினைத்தேன். வேண்டும் என்பதற்குப் பச்சை, வேண்டாம் என்பதற்குச் சிவப்பு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எங்கள் ஊரில் பச்சை என்றால் பயிர்.

புதிய திரை வந்த முதல் நாள் வந்த பதினொரு பெண்களும் சீட்டு இல்லாமல் வெளியே வந்தார்கள். யாரும் சண்டை போடவில்லை. இந்த வாரம் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார்கள். பாய் வாசலுக்கு வெளியே நிற்பார், உள்ளே போகக் கூடாது. பெட்டியின் மேல் ஒரு கேமரா இருந்தது, படத்தில் இரண்டு முகம் விழுந்தால் சீட்டு வராது. ஒருவர் சீட்டை மற்றவர் ஏமாற்றி வாங்கிவிடக் கூடாது என்று போட்ட ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான். அதனால் ஊரில் உள்ள எல்லா விரல்களையும் பார்த்த அந்த மனுஷன், அந்த ஒரு இயந்திரத்தில் மட்டும் விரலைப் பார்க்க முடியவில்லை.

மாலையில் பூட்டும்போது காகித உருளை குறையாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறார். ஆறு வருடம் உருளை மாட்டிய கை அல்லவா. மறுநாள் பேருந்து நிலையத்தில் தாள் நீட்டவில்லை. "இன்னிக்கு ஆபீஸ் போகாதீங்கம்மா, என்னோட வாங்க" என்றார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நான் கூடவே நடந்தேன்.

உப்பளத்தில் சேறு வாரிய ஒரு மூலையில் மட்டும் நாலைந்து பாத்திகளை மீட்டிருந்தார்கள். அங்கே மல்லிகா அக்கா மண்வெட்டியோடு நின்றார். முதல் நாள் சீட்டு வராத பதினொரு பேரில் ஒருவர். நாற்பது வயதிருக்கும், கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். அந்த வார அரிசியைத்தான் நம்பியிருந்தார். பாய் என் திரையை அப்படியே ஒரு தாளில் வரைந்து வைத்திருந்தார். அத்தனை மாதத்தில் முதல் தடவையாக ஸ்கெட்ச் பேனாவால் நிறம் தீட்டியிருந்தார். கைக்குட்டையைக் கவ்விக்கொண்டு தாளை நீட்டினார்.

மல்லிகா அக்காவின் விரல் நேராகச் சிவப்புக்குப் போனது.

அடுத்த பாத்தியில் நின்ற இரண்டு பெண்களும் சிவப்பைத்தான் தொட்டார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை. "ஏன்க்கா சிவப்பத் தொடறீங்க? பச்சைதானே நல்லது?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இன்னாம்மா சொல்ற? செவந்தாத்தானே உப்பு வெளையும்? அங்க பாரு." கையை நீட்டினார். தூரத்துப் பாத்தியில் தண்ணீர் லேசாகச் சிவந்து கிடந்தது. "அது ரெண்டு நாள்ல வாரலாம். இந்தாண்ட பச்சையா நிக்குதே, அது சும்மா கடத்தண்ணி. அதுல கைய வெச்சு என்னா பண்றது?"

திரை உறுதிதானா என்று இரண்டாவது முறை கேட்டபோதும் சிவப்பில்தான் கேட்டது. நான்தான் அப்படி வைத்திருந்தேன். ஆபத்தான பொத்தான் சிவப்பாக இருக்க வேண்டும் என்று எங்கள் கம்பெனியின் விதிமுறைத் தாளில் இருந்தது. அவர்கள் நல்லது இரண்டாவது முறையும் வருகிறது என்று நினைத்து நம்பிக்கையாகத் தொட்டிருக்கிறார்கள். உப்பளத்துக்குப் பேருந்தில் அரை மணி தூரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். சோற்றில் உப்பு இல்லை என்றால் தட்டைத் தள்ளுவேன். உப்பு விளைகிற தண்ணீரின் நிறம் எனக்குத் தெரியாது.

பாய் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "எரநூறு நாளா வரையறேன் தங்கச்சி. எல்லாம் ஒரே நீலப் பேனா. ஒருநா, ஒரே ஒருநா கலரு போட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"நீங்க போட்ட படத்த எடுத்தது நான்தான் பாய்."

"நான் கலரு போடாததுனாலதான் நீங்க போட்டீங்க" என்றார். பழியை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமே இல்லை.

அன்று மதியமே மேனேஜரிடம் போய் நின்றேன். அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டார். "உலகம் பூரா சிவப்புன்னா நிறுத்து. மரக்காணத்துக்கு மட்டும் தனி சிக்னலா போட முடியும்?" என்றார். மாற்ற வேண்டும் என்றால் அறக்கட்டளை எழுதிக் கேட்க வேண்டும், அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார். என் கணினியில் அந்த மாற்றம் இரண்டே வரி. செய்தும் வைத்தேன். அதை ஒரு சிடியில் போட்டுக் கிடங்கில் கொண்டுபோய் ஏற்றினால் அரைமணி வேலை. சிடி என் பையில் நாலு நாள் இருந்தது. ஐந்தாம் நாள் எடுத்து வீட்டு அலமாரியில் வைத்துவிட்டேன். வேலை போய்விடும் என்ற பயம், வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

பாய் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை, உப்பளத்துக்குப் போன அன்றைக்கே கைக்குட்டையை எடுத்துவிட்டார். கிடங்கு வாசலில் நின்று வரிசையில் வருகிற ஒவ்வொருவரிடமும், "பச்சையத் தொடுங்க, பச்சை, மறந்துடாதீங்க" என்று நாள் பூராவும் சொன்னார். தொண்டை கட்டிப்போயிற்று. அதற்குப் பிறகு யார் பெயரும் போகவில்லை. ஆனால் அவருக்கு அதில் கொஞ்சமும் சந்தோஷம் இல்லை. "சொல்லிக்குடுத்து ஓட்டுற ஸ்கிரீன் ஒரு ஸ்கிரீனா?" என்று முனகுவார்.

போன பதினொரு பெயர் போனதுதான். பாயும் நானும் சேர்ந்து மனு எழுதினோம். இரண்டு முறை கேட்டு உறுதி செய்த பிறகே பெயர்கள் நீக்கப்பட்டன என்று பதில் வந்தது. எழுதியவர் வாயில் மண்ணைப் போட வேண்டும் போல இருந்தது. ஆனால் அந்த வாசகத்தில் பொய் ஏதும் இல்லை.

இதற்கு மேல் ஒன்று நடந்தது. வசதி வந்ததும் தாமாகவே உதவியை வேண்டாம் என்று சொன்ன நேர்மையான பெண்கள் என்று அறக்கட்டளையில் அந்தப் பதினொரு பேரைப் பற்றிப் பேச்சாகிவிட்டது. காரில் மூன்று பேர் வந்தார்கள். கிடங்கு அறையில் வரிசையாக நிற்க வைத்து ஆளுக்கொரு சால்வை போர்த்திப் படம் எடுத்தார்கள். மல்லிகா அக்கா சால்வையின் விளிம்பைப் பிடித்தபடி, "அரிசி எப்ப சார் குடுப்பீங்க?" என்று கேட்டார். "எல்லாம் வரும்மா" என்றார் ஒருவர், கேமராவைப் பார்த்துக்கொண்டே. பாய் தன்னுடைய தாள்களை எடுத்துக் காட்டி, நிறத்தைச் சொல்லி, உப்புத் தண்ணீரைச் சொல்லி, திக்கித் திணறி விளக்கினார். வந்தவர் பொறுமையாக ஐந்தாறு தாளைப் பார்த்தார். "டிராயிங் அருமையா இருக்கு பாய்" என்று சொல்லி, மீதமிருந்த ஒரு சால்வையை அவருக்கும் போர்த்திவிட்டுக் கிளம்பினார். நானும் அங்கேதான் நின்றிருந்தேன். அந்தத் திரையைச் செய்தவள் நான்தான் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு பாய் வேறு எதையும் வரையவில்லை. மண்ணெண்ணெய் இல்லை, மாட்டு டாக்டர் இல்லை. தினமும் ஒரே திரைதான்: போன பெயரைத் திரும்பச் சேர்க்கும் திரை. ஒவ்வொரு நாளும் ஒரு மாற்றம். முதலில் பெயர் போனவரின் முகம் இடதுபக்கம் இருந்தது, பிறகு நடுவுக்கு வந்தது. அம்புக்குறி போட்டார், அது ஒருவருக்கும் புரியாமல் எடுத்தார். கட்டத்துக்குள் சிவப்பாகப் பாத்தித் தண்ணீரைத் தீட்டினார். பேருந்து நிலையத்தில் நான் தொட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். எதற்கு என்று அவரிடம் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒருநாள், "முடிஞ்சுடுச்சும்மா. இதுல யாரும் தப்பாத் தொட முடியாது" என்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "பதினோரு பேரும் தொட்டு, பதினோரு புள்ளியும் உள்ள இருக்குதுன்னு காட்டினா, கம்பெனியில இத உள்ள போட்டுருவாங்கல்ல? நீங்க கூட நின்னு பாத்தீங்கன்னா சாட்சி." நான் லீவு சொல்லிவிட்டு அவரோடு போனேன்.

பத்துப் பேர் வரிசையாக வந்து தொட்டார்கள். ஒரு விரல்கூடத் தடுமாறவில்லை. என் சர்வீஸில் அவ்வளவு சுத்தமான திரையை இன்றுவரை நான் பார்க்கவில்லை, நான் செய்ததும் இல்லை. கடைசியாக மல்லிகா அக்கா வந்தார். அந்த வாரம் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு செங்கல் சூளைக்குப் போவதாக ஏற்பாடு. தாளில் பாய் அவருடைய முகத்தையே வரைந்திருந்தார். அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கட்டத்துக்கு நட்டநடுவில் விரலை வைத்தார். பாய் புள்ளி வைத்தார்.

அக்கா நகரவில்லை. என்னைப் பார்த்தார்.

"பேரு ஏறிடுச்சாம்மா?"

"இது வெறும் காகிதம்தான்க்கா."

"தெரியுது. மனுவும் காயிதத்துலதான குடுக்குறோம். அதான் கம்பெனிலேர்ந்து நீயே வந்து நிக்கிறியே."

பாய் என் முகத்தைப் பார்க்காமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் இல்லக்கா" என்றேன்.

"நான்தான் செரியாத் தொடலியோ" என்று சொல்லிவிட்டு, அக்கா அதே கட்டத்தில் மறுபடியும் விரலை வைத்தார். இந்தத் தடவை நன்றாக அழுத்தி.